ஒரு பேட்டரியா, இரண்டா?

சிம்கோ ஏரிக்கு எடுத்துப்போகும் எங்கள் 16 அடி அலுமினியப் படகுக்கு ட்ரோலிங் மோட்டார் (மீன் பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் பேட்டரி மோட்டார்) வாங்க மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைக்காரர் 36 வோல்ட்டைத் தலையில் கட்டப் பார்த்தார். 12 வோல்ட் பேட்டரி மூன்று! நான் மீன் பிடிக்கப் போகிறேனா, கப்பல் இழுக்கப் போகிறேனா?

பொதுவான கணக்கு, 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு உந்துவிசை. ஆட்கள், தூண்டில்கள், ஐஸ் பெட்டி, மச்சானின் சோற்றுப் பார்சல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,600 பவுண்டு. 32 போதும், 12 வோல்ட்டிலேயே, அதாவது ஒரே பேட்டரியில், 55 பவுண்டு வரை கிடைக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்குக் காற்றைத் தெரியாது. சிம்கோவில் அலை எழும்பிவிட்டால் படகின் மூக்கு ஓரிடத்தில் நிற்காது.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை குடிக்கும். 24 வோல்ட்டில் ஓடும் 80 பவுண்டு மோட்டாருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 56. வோல்ட் இரட்டிப்பாவதால் வலு கூடுகிறது, கம்பி தடிக்க வேண்டியதில்லை. அங்கேயே 24 வோல்ட் பக்கம், அதாவது இரண்டு பேட்டரிப் பக்கம், மனம் சாய்ந்துவிட்டது.

முதல் நாளே கூத்து. நேர்முனையோடு நேர்முனையை இணைத்துவிட்டு, மீட்டர் ஏன் 12.7 காட்டுகிறது என்று விழித்துக்கொண்டிருந்தேன். மச்சான் ஒன்றும் பேசாமல் கம்பியைக் கழற்றி, ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையில் மாட்டினார். 25.4.

ஈய பேட்டரி ஒவ்வொன்றும் 28 கிலோ. இடுப்பு போய்விட்டது. அடுத்த வருடம் லித்தியம்தான், மனைவி இந்தப் பதிவைப் படிக்காமல் இருந்தால்.