சனிக்கிழமை சம்பளம்

திருப்பூரில் பவர்டேபிள் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு தையற்கூடம்) வைத்திருப்பவனுக்கு மாதக் கடைசி பெரிய விஷயமில்லை. சனிக்கிழமைதான் விஷயம். நமக்குப் பணம் வந்ததோ இல்லையோ, தைத்தவர்களுக்கு அன்று சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. எனக்கு ஜாப்வொர்க் தரும் ஏற்றுமதிக் கம்பெனி பாதி ஆர்டரை நிறுத்தியது. ஏற்கெனவே தைத்துக் கொடுத்ததற்கு 90 நாள் ஆகியும் பணம் இல்லை. சிறுதொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் யார் தருவது?

சரி என்று பேங்குக்குப் போனேன். ஓடி லிமிட்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் வரம்பை) கூட்டச் சொன்னால் ஜிஎஸ்டி கணக்கைக் கேட்டார்கள். விற்றுமுதல் குறைந்ததால்தானே கடனே கேட்கிறேன்! சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 20 லட்சம் வரை உண்டு. ஆனால் 10 லட்சத்துக்கு மேல், அதே திட்டத்தில் 'தருண்' என்ற பிரிவில் முன்பு வாங்கிய கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும்.

கடைசியில் நகைக்கடன்தான். தங்கம் விலை ஏறியதற்கு வாழ்க்கையில் முதல்முறை சந்தோஷப்பட்டேன். செயினைக் கழற்றிக் கொடுத்த வீட்டுக்காரம்மா, "எப்பங்க திருப்புவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது திருப்பூரின் உள்ளூர் துணிச் சந்தையான காதர்பேட்டை வியாபாரி ஒருவருக்குச் சரக்கு தைக்கிறோம். ரேட் ரொம்ப மட்டம். ஆனால் மனுஷன் பாதிப் பணத்தை முன்னாடியே கொடுத்துவிட்டார்.