குவாண்டம் கணினிக்கு என் பிட்காயின் தாங்குமா: ஆறு வார இறுதிச் சோதனை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமா, தாம் வாங்கி வைத்திருக்கும் சிறிதளவு பிட்காயினை விற்றுவிடலாமா என்று தைப்பூச விடுமுறையில் கேட்டார். குவாண்டம் கணினி வந்துவிட்டால் எல்லாம் திருடுபோய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். செவிவழிச் செய்தியை வைத்து அவருக்குப் பதில் சொல்ல மனம் வராததால், ஆயர் ஈத்தாம் வீட்டில் என் மடிக்கணினியிலேயே சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில், குவாண்டம் கணினியால் பெரிய எண்களை விரைவாகப் பகுக்க 1994இல் பீட்டர் ஷோர் கண்டறிந்த வழிமுறையை, குவாண்டம் கணினியைப் போலச் செயல்பட்டுக் காட்டும் கிஸ்கிட் மென்பொருளில் 12 கியூபிட்டுகளைக் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) கொண்டு எழுதி, 15 என்ற எண்ணைப் பகுக்கச் செய்தேன். 7இன் அடுக்குகளை 15ஆல் வகுத்துவரும் மீதிகள் நான்கு படிக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன என்பதை நான் எழுதிய குவாண்டம் சுற்று கண்டுபிடித்தது. நான்கில் பாதியை அடுக்காகக் கொண்டால் 49. அதன் இருபுறமும் உள்ள 48, 50 ஆகியவற்றுக்கும் 15க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிகள் 3, 5. அந்த விடை திரையில் வந்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. கியூபிட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனபோது, 30ஐத் தொட்டதும் நிலைகளைச் சேமிக்க மட்டுமே 16 ஜிகாபைட் நினைவகம் தேவைப்பட்டு, கணினி உறைந்து நின்றது.

பணத்தை அனுப்புபவர் அதன் உரிமையாளரே என்று காட்டும் பிட்காயின் கையொப்பம் எண்களைப் பகுப்பதை நம்பியிருக்கவில்லை; நீள்வட்ட வளைவு என்ற கணித அமைப்பை நம்பியிருக்கிறது. ஆகவே சிறிய வளைவுகளை உருவாக்கி, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோலிலிருந்து, கையொப்பமிட உதவும் இரகசியமான தனித் திறவுகோலைச் சாதாரண முறையில் தேடினேன். 40 பிட் வளைவுக்குச் சுமார் பத்து லட்சம் படிகள் போதும். ஆனால் ஒவ்வோர் இரண்டு பிட்டுக்கும் வேலை இரட்டிப்பதால், பிட்காயினின் 256 பிட்டுக்கு இந்த வழியில் எந்தக் கணினியாலும் போய்ச் சேர முடியாது. ஷோரின் வழி வளைவுக்கும் பொருந்தும்; அதில் அந்தச் சுவர் இல்லை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 256 பிட் வளைவுக்குப் பிழையற்ற 2,330 கியூபிட்டுகள் போதும் என்று கணக்கிட்டது. பிழைதிருத்தம் செய்து அத்தகைய ஒரு கியூபிட்டைப் பெறவே நூற்றுக்கணக்கான உண்மைக் கியூபிட்டுகள் வேண்டும். கூகுளின் குவாண்டம் சில்லான வில்லோவில் இருப்பவையோ 105. எனினும், எண் பகுப்பை நம்பியிருக்கும் 2,048 பிட் ஆர்எஸ்ஏ மறைகுறி முறையை உடைக்க 2019இல் இரண்டு கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று கணித்த கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னியே, 2025இல் பத்து லட்சத்துக்கும் குறைவானவை போதும் என்று எழுதியதைப் படித்தபோது, இதைத் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தோன்றியது. புதிய பிட்காயினை உருவாக்கும் சுரங்கப் பணியில் பயன்படும் எஸ்எச்ஏ-256 சுருக்க முறையைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. அதற்கு எதிராக உள்ள குரோவரின் குவாண்டம் வழிமுறை தேடலை வர்க்கமூல அளவுக்கே குறைக்கிறது.

நான்காவது வாரம் என் சொந்தப் பணப்பையைத் திறந்தேன். ஒரு முகவரியிலிருந்து இருமுறை செலவழித்துவிட்டு, அதிலேயே மீண்டும் பணம் பெற்றிருந்தேன். முகவரி என்பது பொதுத் திறவுகோலின் சுருக்கம் மட்டுமே; அதிலிருந்து திறவுகோலைத் திரும்பப் பெற முடியாது. செலவழிக்கும்போதுதான் திறவுகோல் வெளிப்பட்டு, எல்லாரும் பார்க்கும் பதிவேட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. 2021இல் அறிமுகமான டாப்ரூட் என்ற புதிய வகை முகவரிகளிலோ அது தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. மீதியை அன்றே, ஒருமுறையும் பயன்படுத்தாத, ‘பிசி1க்யூ’ என்று தொடங்கும் வகை முகவரிக்கு மாற்றினேன்.

குவாண்டம் கணினிக்குத் தாங்கும் மாற்றுக் கையொப்பங்களையும் பார்த்தேன். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட எம்எல்-டிஎஸ்ஏ முறையில், மிகச் சிறிய வகையின் கையொப்பமே 2,420 பைட். டாப்ரூட்டில் அது 64 பைட். இந்தப் பருமன், பரிவர்த்தனைகள் பதியப்படும் கட்டங்களை (பிளாக்) நிரப்பிக் கட்டணத்தை உயர்த்தும் என்பதால், மாற்றம் எளிதாக நடக்காது.

விலையைப் பொறுத்தவரை, 2024 டிசம்பர் 9இல் வில்லோ அறிவிக்கப்பட்டது. எட்டே நாளில் பிட்காயின் 108,000 டாலரைத் தொட்டது. அச்சம் விலையை இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பொதுத் திறவுகோலுக்கே நேரடியாகச் செலுத்தப்பட்ட நாணயங்களில் பல அசையாமல் கிடக்கின்றன. பிட்காயினை உருவாக்கிய சத்தோஷியுடையவை என்று கருதப்படுபவையும் அவற்றில் அடங்கும். அவை ஒருநாள் திருடப்பட்டுச் சந்தைக்கு வந்தால், பாதுகாப்பான முகவரியில் வைத்திருப்பவரும் விலைச் சரிவில் இழப்பார். என் முகவரியை நான் மாற்றியதால் இந்த ஆபத்து குறையவில்லை.

மாமாவின் முகவரியில் பணம் வந்திருக்கிறதே தவிர, ஒருமுறைகூடப் போகவில்லை. அதுவும் ‘பிசி1க்யூ’ வகைதான். அதனால் அவருடைய திறவுகோல் இன்னும் மறைந்தே இருக்கிறது என்று விளக்கினேன். “அப்படியானால் எடுக்கும்போது, தம்பி?” என்றார். “மொத்தமாக எடுங்கள், மாமா, மீதியை அதே முகவரியில் விட்டுவைக்காதீர்கள்” என்றேன்.