ஸ்பானிஷ் படிக்க தினமும் 40 நிமிஷம்: எனக்கு செட் ஆன ரொட்டீன்

ஸ்பானிஷ் ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆகுது, அதுல முதல் எட்டு மாசம் ஒரு ஆப்ல ஒரு நாள் கூட விடாம ஸ்ட்ரீக் மெயின்டெயின் பண்ணேன், தினமும் கால் மணி நேரம், சரியான வார்த்தையை தட்டணும், பச்சை கலர் வரும், அடுத்தது. அப்புறம் ஒரு ஆன்லைன் கால்ல ஸ்பானிஷ் பேசுறவர் ஒருத்தர் "ஆ கே தே தெதிகாஸ்?"னு கேட்டார், என்ன வேலை பண்றேன்னு கேக்குறார்னு நல்லா புரிஞ்சுது, ஆனா பதில் வாயில வரவே இல்ல. அன்னிக்கு தான் உறைச்சுது, பாத்தா அடையாளம் தெரியுறது வேற, தானா வாயில வர்றது வேற, நான் எட்டு மாசமா முதல் விஷயத்தை மட்டும் தான் பழகியிருக்கேன்.

ரொட்டீனை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டேன். அமெரிக்க வெளியுறவுத் துறையோட மொழிப் பயிற்சிப் பிரிவு இங்கிலீஷ்காரங்களுக்கு ஸ்பானிஷ் ஈசியான மொழின்னு வகைப்படுத்தி வெச்சிருக்கு, அதுக்கே கிட்டத்தட்ட 700 மணி நேர வகுப்பு வேணும்னு சொல்றாங்க. தினமும் 40 நிமிஷம்னா வருஷத்துக்கு 243 மணி நேரம். அப்போ கிட்டத்தட்ட மூணு வருஷம். மூணு வருஷம் தாங்குற மாதிரி ஒரு பழக்கம் வேணும்னா தினம் ரெண்டு மணி நேரம்லாம் வேலைக்கு ஆகாது, முதல் மாசத்திலேயே படுத்துரும். அதனால 40 நிமிஷம், காலைல ஃபோன்ல வேற எதையும் திறக்குறதுக்கு முன்னாடி, அவ்ளோ தான்.

முதல் பத்து நிமிஷம் பழசு. புதுசு எதுவும் தொடமாட்டேன். படிச்சது எவ்ளோ வேகமா மறக்கும்னு எபிங்ஹவுஸ்ங்கிற ஜெர்மானியர் தன்னையே வெச்சு சோதிச்சு 1885-லயே எழுதி வெச்சுட்டார், மறக்கப் போற நேரத்துல திரும்பப் பாக்குறது தான் அதுக்கு மருந்து. அதை ஆங்கிங்கிற ஃபிளாஷ்கார்டு ஆப் பாத்துக்குது, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஆனா அதுல டிஃபால்ட்டா ஒரு நாளைக்கு 20 புது கார்டு வரும், தயவுசெஞ்சு அதை முதல்ல குறைங்க, இன்னிக்கு 20 ஈசியா தான் இருக்கும், மூணு வாரம் கழிச்சு ரிவியூவே நூத்துக்கு மேல வந்து நிக்கும். நான் 7 வெச்சிருக்கேன்.

கார்டுல என்ன எழுதுறோம்ங்கிறது தான் எனக்கு பெரிய திருப்பம். முன்னாடி ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் ஸ்பானிஷ்னு வெச்சிருந்தேன், ஒரு பொருள் பிடிக்கும்னு சொல்ல வரும்போதெல்லாம் "யோ குஸ்தோ"ன்னு தப்பா வரும், யோன்னா நான், இங்கிலீஷ்ல நான்னு ஆரம்பிக்கிற மாதிரியே இங்கயும் ஆரம்பிச்சுடுவேன். ஒரு நாள் கார்டு முன்பக்கத்தை தமிழ்ல மாத்தி எழுதினேன், "எனக்குப் பிடிக்கும்". பின்பக்கம் "மே குஸ்தா". மே-ன்னா எனக்கு! அமைப்பு அப்படியே நம்மளோடது. ஒரே வித்தியாசம், பிடிச்ச பொருள் பன்மைன்னா நம்ம 'பிடிக்கும்' மாறாது, அங்க 'குஸ்தான்' ஆயிடும். "ஆப்லோ"ன்னா பேசுறேன், நான்னு தனியா சொல்லவே வேணாம், நம்ம மாதிரியே வினை முடிவுலயே ஆள் தெரிஞ்சிடும். இறந்த காலம் ரெண்டு இருக்கேன்னு பலரும் பயப்படுவாங்க, "நேத்து விளையாடினேன்" ஹுகே, "சின்ன வயசுல தினமும் விளையாடுவேன்" ஹுகாபா. இந்த வித்தியாசத்தை நாம பேச்சுல தினமும் பண்றோம். அதனால தமிழ் பேசுறவங்க நேரா தமிழ்லேர்ந்து போங்க, நடுவுல இங்கிலீஷ் வேணாம்.

பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் மட்டும் நமக்கு புதுசு, அதுக்கு குறுக்கு வழி கிடையாது, வார்த்தையை எப்பவும் ஆண்பால்னா 'எல்', பெண்பால்னா 'லா' சேத்தே எழுதணும். ஓ-ல முடிஞ்சாலும் கை வந்து "லா மானோ", ஆ-ல முடிஞ்சாலும் பிரச்சனை வந்து "எல் ப்ரொப்ளேமா".

அடுத்த 15 நிமிஷம் கேக்குறது. ரெண்டு நிமிஷ ஆடியோ ஒண்ணு, நாலு நாளைக்கு அதே தான். முதல் நாள் எழுத்து பாக்காம, ரெண்டாம் நாள் எழுத்தோட, மூணாம் நாள் கூடவே சேந்து பேசி, நாலாம் நாள் நானே பேசி ரெக்கார்ட் பண்ணி. ஆரம்பத்துல ஒரு ஆடியோல "பாப்லார், பாப்லார்"னு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு, அகராதி முழுக்க தேடினேன், கிடைக்கல. எழுத்தைப் பாத்தா அது மூணு வார்த்தை, "பா ஆ ஆப்லார்", பேசப் போறார்னு அர்த்தம். வந்து இருக்கேன் வந்திருக்கேன்னு ஆகுற மாதிரி அங்கயும் உயிரெழுத்து ஒண்ணோட ஒண்ணு சேந்துரும், அதுக்கு சினாலேஃபான்னு பேர். இது தெரிஞ்ச பிறகு காது திறந்த மாதிரி இருந்துச்சு, வேகமா பேசுறாங்கங்கிற பயமே பாதி போச்சு.

உச்சரிப்புக்கு தனியா நேரம் ஒதுக்கல. அ எ இ ஒ உ, அஞ்சே உயிர், அஞ்சும் நம்மகிட்ட இருக்கு. நாதான்னா ஒண்ணுமில்ல, அதுல வர்ற 'தா' நம்ம 'அது'ல வர்ற த மாதிரி மெதுவா வரும். 'ர' மட்டும் கவனிங்க, ஒரு தட்டு தட்டினா பெரோ, ஆனா-ன்னு அர்த்தம், நாக்கை நல்லா உருட்டினா பெர்ரோ, நாய்.

மிச்சம் 15 நிமிஷத்துல பத்து நிமிஷம் சுவரைப் பாத்து பேசுவேன், நேத்து என்ன பண்ணேன், இன்னிக்கு என்ன வேலை, தெரியாத வார்த்தை வந்தா நிறுத்தாம சுத்தி வளைச்சு சொல்லிட்டு அதை குறிச்சு வெச்சுப்பேன். கடைசி அஞ்சு நிமிஷம் அப்படி குறிச்சதை வாக்கியமா எழுதினா நாளைக்கான 7 கார்டு ரெடி. இப்படி வர்ற வார்த்தை மறக்குறதே இல்ல, ஏன்னா அது எனக்குத் தேவைப்பட்ட வார்த்தை, எவனோ போட்ட லிஸ்ட்ல இருந்தது இல்ல.

உடம்பு சரியில்லாம நாலஞ்சு நாள் விட்டுப் போனா ரிவியூ குவிஞ்சு கிடக்கும், அப்போ புது கார்டை 0 ஆக்கிடுவேன், பழசு தீர்ற வரைக்கும் அப்படியே. ரெண்டு தடவை இப்படி ஆச்சு, ரெண்டு தடவையும் ஒரே வாரத்துல மீண்டு வந்துட்டேன்.

போன வாரம் சப்ஜங்க்டிவ் ஆரம்பிச்சிருக்கேன், விருப்பம், சந்தேகம் மாதிரி விஷயங்களைச் சொல்ற வினை வடிவம், எல்லாரும் கஷ்டம் கஷ்டம்னு சொல்ற இடம். முதல் கார்டு முன்பக்கம் "வரட்டும்"னு எழுதினேன், பின்பக்கம் "கே பெங்கா".