விதைப் பயறும் கறுவா இலை எண்ணெயும்: இதுவரை கண்டது

கறுவா இலை எண்ணெயின் ஆவி பயற்று வண்டைக் கொல்கிறது. இதை இப்போது தயங்காமல் சொல்வேன். ஆனால் பயற்றுக்குள் இருந்து தின்னும் புழுவை நான் வைத்த அளவு எதுவும் செய்யவில்லை. அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே எந்த எண்ணெய் என்பதைவிட, ஆவியை எத்தனை நாள் உள்ளே பிடித்து வைக்கிறோம் என்பதே முக்கியமான கேள்வி.

என் அக்கறை விதைப் பயற்றில்தான். மூதூர்ப் பக்கம் சேனைப் பயிர் (காடு வெட்டிச் செய்யும் மானாவாரிப் பயிர்) செய்யும் என் மைத்துனர் அடுத்த மாரிக்கென்று எடுத்து வைக்கும் பயறு, மழை விழுவதற்கு முன்பே துளை விழுந்து மாவாகிவிடும். திருகோணமலைச் சூட்டில் இந்த வண்டுக்கு ஓய்வுக் காலமே கிடையாது. முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு வாரம் போதும். பெரிய களஞ்சியங்களில் பொஸ்பீன் வாயு வில்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டுக்குள் அந்த வில்லை வரவே கூடாது. அந்த வாயு மனிதரையும் கொல்லும்.

எண்ணெய் வாங்கியதும் முதல் வேலை, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருப்பது. கறுவா இலை எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும். இருந்தாலும் கடைசியில் எண்ணெய்க் கறை நிற்கக் கூடாது. நின்றால் தேங்காயெண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல் என்ற வாசனைப் பொருள், கராம்பில் இருப்பதும் அதுவே. பட்டை எண்ணெய் வேறு சரக்கு, விலையும் பல மடங்கு. அது இந்த வேலைக்குத் தேவையில்லை.

வாயகன்ற கண்ணாடிப் போத்தல்களில் வண்டு பிடித்த பயற்றை நிரப்பி, ஒன்றை எதுவும் செய்யாமல் ஒப்பிட வைத்தேன். மற்றவற்றில் பஞ்சில் சொட்டுவிட்டு, பயற்றில் படாமல் மூடியின் அடியில் கட்டித் தொங்கவிட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். யூஜினோல் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மேல்பரப்பில் திரிந்த வண்டுகள் முதலில் விறுவிறுவென்று ஓடின. பிறகு நடை கோணியது. மல்லாக்க விழுந்து, கால்களை மடக்குவதும் நீட்டுவதுமாகக் கிடந்தன. மறுநாள் தட்டில் கொட்டி ஊசி முனையால் தொட்டபோது மேலே கிடந்தவற்றில் அசைவே இல்லை. போத்தலின் அடிப்பாகத்திலோ சில தெம்பாக நடந்துகொண்டிருந்தன. காரணம், தானியம் ஆவியை உறிஞ்சிக்கொள்கிறது. வெறும் போத்தலில் தாராளமாகப் போதும் அளவு, நிறைந்த போத்தலில் அடிவரை எட்டுவதில்லை. இப்போது பக்கமெல்லாம் துளையிட்ட மெல்லிய மூங்கில் குழாயைப் பயற்றின் நடுவே அடிவரை செருகி, அதற்குள் பஞ்சை இறக்குகிறேன். அடியில் இருந்தவையும் அடங்கின.

முட்டையைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பயற்றின் தோலில் ஒட்டிய சிறு பளபளப்பான பொட்டு அது. புழு பொரிந்ததும் முட்டை வெண்மையாகிவிடும். புழு கீழ்ப்புறமாகத் துளைத்து இறங்கும்போது வெளியேற்றிய தூள் முட்டையோட்டுக்குள் நிறைவதால் வரும் வெண்மை. வெள்ளைப் பொட்டைக் கண்டால் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள். வெளியே வரும் வண்டு எதையும் தின்ன வேண்டியதில்லை, வந்த வேகத்தில் இணைந்து முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே அது வெளிவரும் வேளையில் ஆவி உள்ளே இருந்தே ஆக வேண்டும். வாரத்துக்கொருமுறை பஞ்சை மாற்றுகிறேன், ஒரு தலைமுறைக் காலம் முழுவதும். ஒருமுறை வைத்து மறந்துவிட்டால் பலனில்லை. மூடி இறுக்கமில்லாவிட்டால் அந்த முயற்சியே வீண்.

முட்டைக்கு எதிராக நான் கண்டதில் சிறந்தது சாதாரண தேங்காயெண்ணெய். கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் விட்டு எல்லா மணியிலும் படும்படி பிசறினால், முட்டை மூச்சடைத்துப் போகிறது. பழைய முறைதான், இன்னும் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். புதிதாகக் காய வைத்த விதைக்கு முதல் நாளே இதைச் செய்துவிட்டு, எஞ்சிய வண்டுக்குக் கறுவா ஆவி வைப்பதே இப்போது என் ஒழுங்கு.

முளைக்கிறதா என்பதை ஈரத்துணியில் முடிந்து பார்த்தேன். ஆவி மட்டும் பட்ட பயறு ஒப்பீட்டுப் பயற்றைப் போலவே முளைவிட்டது. கறுவா எண்ணெய் நேரே பட்ட மணிகளில் பல முளைக்காமலே கிடந்தன. பஞ்சு பயற்றைத் தொடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மாமி தம்பலகாமத்து அரிசியைக் காட்டி, "தம்பி, இதற்கும் வைக்கலாமா?" என்று கேட்டார். சோற்றில் மணம் ஏறும், வேண்டாம் என்றேன். சமைக்கும் அரிசியைச் சிறு பைகளில் கட்டி ஆழ்குளிரூட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சேர்ந்தே சாகும். வசம்புத் தூள் கலக்கும் வழக்கமும் உண்டு. வண்டுக்கு அது கடும் நஞ்சு. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் ஆய்வு எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது என்பதால் உண்ணும் தானியத்தில் அதைச் சேர்க்க மாட்டேன்.

அடுத்தது மைத்துனரின் நீல பீப்பாய். போத்தலில் பலித்தது அத்தனை பயற்றின் நடுவில் பலிக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு குழாய் போதாது, குறைந்தது மூன்று வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மூடிக்குப் புது ரப்பர் வளையம் வாங்கியாயிற்று.