மீந்த குருமாவும் நாலேகால் மணிப் பசியும்

பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. நாலேகாலுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைக் கழற்றும் முன்பே "அம்மா, பசிக்குது" என்று வந்து நிற்பார்கள். மதியம் கட்டிக்கொடுத்த சாதத்தில் பாதி டப்பாவிலேயே திரும்பி வந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பிஸ்கட் பாக்கெட் ஒன்று காலி. ஃப்ரிட்ஜைத் திறந்தால் நேற்றைய பொரியல், முந்தாநாள் மாவு, விறைத்துப்போன சப்பாத்தி என்று கிண்ணம் கிண்ணமாக உட்கார்ந்திருக்கும். கேக் செய்ய வாங்கிய 28 லிட்டர் ஓடிஜி, அதாவது கரண்ட்டில் ஓடும் சின்ன ஓவன், அடுப்பு மேடையில் துணி போர்த்திக் கிடந்தது. இந்த ஜூன் மாதம் முழுக்க, மீந்ததை வைத்துக் காரமாக ஏதாவது பேக் செய்து பார்ப்பது என்று இறங்கினேன். தட்டை உள்ளே வைத்துவிட்டால் வாணலிப் பக்கத்தில் நிற்க வேண்டாம். அந்த இருபது நிமிடமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளிக் கதை கேட்கலாம்.

முதலில் சப்பாத்தி சமோசா. சப்பாத்தியைப் பாதியாக வெட்டி, கூம்பாக மடித்து, உள்ளே முந்தைய நாள் உருளைக்கிழங்குக் குருமாவை அடைத்தேன். இரண்டு தவறு செய்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மடித்ததால் மடிப்பில் எல்லாம் கீறல் விட்டது. குருமாவின் தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிட்டது. மேலே முறுகலாக இருந்ததை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை சப்பாத்தியைத் தோசைக்கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி காட்டி, சூடு இருக்கும்போதே மடித்தேன். துணி போல வளைந்தது. குருமாவை வாணலியில் போட்டுச் சுண்டவிட்டு, கிழங்கை மசித்து, பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி தூவினேன். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். ஓரத்துக்குக் கோதுமை மாவுப் பசை. மேலே எண்ணெய் தடவி 200 டிகிரியில் பத்து நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். இந்தத் தடவை எட்டும் காலி.

இந்த மாதம் நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் அந்தத் தண்ணீர்தான். மீந்த பதார்த்தம் எதுவானாலும் ஈரத்தோடுதான் இருக்கும். வாணலியில் பொரித்தால் கொதிக்கும் எண்ணெய் அந்த ஈரத்தை வேகமாக விரட்டிவிடும். ஓவனில் இருப்பது வெறும் சூடான காற்று, அது மெதுவாகத்தான் உலர்த்தும். அதனால் உள்ளே வைக்கும் முன்பே ஈரத்தை நாம் எடுத்துவிட வேண்டும்: சுண்டவிடலாம், பிழியலாம், பொட்டுக்கடலை மாவோ ரவையோ சேர்க்கலாம்.

அப்புறம் புளித்த மாவு. மூன்று நாள் ஆன இட்லி மாவு இரண்டு கப் இருந்தது. ரவை இரண்டு கரண்டி, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, கால் ஸ்பூன் ஆப்ப சோடா கலந்தேன். கலந்தவுடன் மாவு முழுக்கக் குமிழ் குமிழாகப் பொங்கியது. மாவின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்புகிறது, அந்தக் குமிழ்தான் பண்டத்தைத் தூக்கி நிறுத்துவது. நானோ கலந்து வைத்துவிட்டு அதற்கப்புறம் ஓவனைச் சூடாக்கப் போனேன். பத்து நிமிடத்தில் பொங்கியதெல்லாம் அடங்கி, வெந்து வந்தது ரப்பர் மாதிரி இழுத்தது.

மறுநாள் முதலில் ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெய் தடவிய கப்புகளை எடுத்து வைத்து, சோடாவைக் கடைசியில் போட்டு, கையோடு ஊற்றி உள்ளே தள்ளினேன். கண்ணாடி வழியே பார்த்தபோது எட்டாவது நிமிடத்தில் நடுவில் மெல்ல மேடு கட்டியது. இருபதாவது நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகிக் கப்பை விட்டு விலகியது. குச்சியால் குத்தினால் ஒட்டவில்லை. குஜராத்தில் அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்து, சுரைக்காய் துருவிப் போட்டு, எள் தாளித்துச் செய்யும் ஹாண்ட்வோ கிட்டத்தட்ட இதே வழிதான். அதைப் பார்த்து நானும் மேலே எள் தூவ ஆரம்பித்தேன். எள் வறுபடும் வாசனைக்கே சின்னவள் சமையலறைக்கு ஓடி வருகிறாள்.

மீந்த இட்லி இருந்தால் வேலையே இல்லை. துண்டு போட்டு, நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் பிரட்டி 200 டிகிரியில் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

சாதத்தில் மட்டும் நான் கண்டிப்பு. மதியம் முழுக்க வெளியே இருந்த சாதத்தை எடுப்பதே இல்லை. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்து ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போன சாதம், அதுவும் மறுநாளைக்குள் என்றால் சரி. பச்சைமிளகாய், சீரகம், கொத்தமல்லி, அரிசி மாவு இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்து மெல்லிய வடையாகத் தட்டி வைக்கிறேன். தடிமனாகத் தட்டிய நாளில் உள்ளே குழைந்தே இருந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி 200 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஓவனின் பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் நடுவில் ஒரு தடவை தட்டைத் திருப்பி வைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல் மீந்தது. சமோசாவுக்கு மிக்சியில் அரைக்கப் போனேன். "ஏம்மா, நைசா அரைச்சா மாவாயிரும். ஒண்ணும் பாதியுமா இடி, பல்லுல படணும்" என்றார் அத்தை. "சரிங்க அத்தை, உரல்லயே இடிக்கிறேன்" என்று இடித்தேன். அதில் இருந்த தேங்காய்ப்பூ ஈரத்தைத் தானே பிடித்துக்கொண்டது, பொட்டுக்கடலை மாவே தேவைப்படவில்லை. இதுவரை செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்.

நேற்று பெரியவனே பசை தடவி, முள்கரண்டியால் ஓரத்தை அழுத்தினான். அவன் மூடியதில் இரண்டு வாய் திறந்துகொண்டன. அந்த இரண்டையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டான். நாளைக்கு பீன்ஸ் பொரியல் இருக்கிறது, நாலு சப்பாத்தியும் இருக்கிறது.