பிராக்டீஸில் யாரையும் சாய்க்காத கோச்

ஆள்மேல் ஆள் பாய்ந்து சாய்ப்பதே ஆட்டமாக இருக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலில், பிராக்டீஸின்போது யாரும் யாரையும் சாய்க்கக்கூடாது என்று வைத்திருந்தவர் ஜான் கலார்டி. மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை தலைமை கோச். அதற்கு முன் மொன்டானாவில் ஒரு கல்லூரி. மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் வேறு எவரும் அதை எட்டவில்லை. நான் கபடி கோச். பிராக்டீஸில் முட்டி பிசகி, போட்டியன்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையன்களை நிறையப் பார்த்தவன். அதனால்தான் இந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை மரியாதை.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையே தனி. 1943இல் கொலராடோவின் டிரினிடாட் ஊரில் அவருடைய பள்ளி அணியின் கோச் போருக்குப் போய்விட்டார். அணியைக் கலைக்கப் பார்த்தார்கள். கேப்டனாக இருந்த 16 வயது ஜான் பேசிச் சம்மதிக்கவைத்து, தானே கோச்சானார். பழைய கோச் பிராக்டீஸ் நடுவே தண்ணீர் குடிக்க விடமாட்டாராம். ஜான் தண்ணீர் குடிக்க விட்டார், உடம்பை முறிக்கும் கசரத்துகளை நிறுத்தினார். நாங்கள் பட்டோம், நீயும் படு என்று சொல்லும் கோச்சுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். பட்டதை அடுத்தவன் தலையில் கட்டாமல் இருக்க 16 வயதில் எப்படித் தோன்றியதோ!

செயின்ட் ஜான்ஸில் விசில் கிடையாது. அவரைக் கோச் என்று கூப்பிடக்கூடாது, ஜான் என்றால் போதும். சேர வந்த யாரையும் கழித்துவிடவில்லை. பிராக்டீஸ் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்; கொசுத்தொல்லை தாங்கவில்லை என்றால் அதுவும் இல்லை.

சரி, அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்? யார் எந்தப் பக்கம் ஓடுவது, பந்து எப்போது கைக்கு வரும் என்று ஒரே நகர்வைப் பிசிறில்லாமல் வரும்வரை செய்துபார்த்தார்கள். சாய்க்கும் இடம்வரை போய் நின்றுவிடுவார்கள். சரியான நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்விட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. கபடியில் கணுக்கால் பிடிக்கிறவனுக்கும் அப்படித்தான்: முதலில் கால் நிற்கும் இடம், பலமெல்லாம் பிறகு.

2003இல் கல்லூரி ஃபுட்பாலின் மூன்றாம் பிரிவு தேசிய இறுதிப் போட்டியில், தொடர்ந்து 55 ஆட்டங்கள் ஜெயித்து வந்த மவுன்ட் யூனியன் கல்லூரி அணியை 24–6 என்று வென்றார்கள். ஜானுக்கு அப்போது வயது 77.

இப்போது எங்கள் மைதானத்தில் போட்டிக்கு முந்தைய வாரம் முழுப் பிடி கிடையாது. ரெய்டர் உள்ளே வருவான், ஓரத்தில் பிடிக்க நிற்கும் கார்னர் கால் வைத்து நிற்பான், அதோடு சரி. சீனியர் பையன்கள் சிலர் இன்னும் முனகுகிறார்கள்.