குளிர் மூளைக்கு, திணறியது நுரையீரல்

மகன் வீட்டுக்கு வந்து பதினொரு நாள். கடுப்பு இன்னும் ஆறவில்லை.

பிறந்தபோது அழவில்லை, பனிக்குட நீரில் மலம் கலந்திருந்தது. மூளைக்கு ஒட்சிசன் குறைந்துவிட்டது, 6 மணித்தியாலத்துக்குள் உடம்பைக் குளிரவைக்கத் தொடங்க வேண்டும் என்று வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அது நேரத்துக்கு நடந்தது. 33.5 பாகை, 72 மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவது எல்லாம் விளக்கினார்கள். நுரையீரலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம், என் காதில் ஏறவில்லை.

அன்றிரவு பார்த்தால் வலது கையில் ஒரு சென்சர், காலில் இன்னொன்று. இரத்தத்தில் ஒட்சிசன் அளவு கையில் 93 வீதம், காலில் 81. இரவு டியூட்டி டொக்டர் துண்டுத் தாளில் இதயத்தைக் கீறிக் காட்டினார். பிறந்ததும் விரிய வேண்டிய நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகியே நிற்கின்றன, இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்குவழியில் ஓடுகிறது, அதனால்தான் கைக்கும் காலுக்கும் இந்த வித்தியாசம். குளிர் அந்த இறுக்கத்தைக் கூட்டவும் கூடுமாம். "அப்ப குளிரை நிப்பாட்டுங்கோ டொக்டர்" என்றேன். நிறுத்தினால் மூளைக்குக் கிடைக்கும் பலனும் போய்விடும், முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

மருந்தை வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். சில்டனாஃபில். ஃபார்மசிக்காரர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு "உங்களுக்கா?" என்றார். "பிறந்து ஒரு நாள் பிள்ளைக்கு" என்றதும் அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. நுரையீரல் குழாய்களை விரிக்கவும் அதே மருந்துதான், யாரும் கூச்சப்படாதீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் வென்டிலேட்டர் குழாயில் ரோஸ் நிறத்தில் நுரை. நுரையீரலுக்குள் இரத்தக் கசிவு. உடம்பு குளிர்ந்திருந்தால் இரத்தம் உறைவதும் மந்தமாம். இரத்தம் ஏற்ற வேண்டும், பொருத்தம் பார்க்கத் தாயின் இரத்தம் வேண்டும். தாயோ சிசேரியன் தையலோடு மற்ற ஆஸ்பத்திரியில். ஓட்டோ பிடித்து ஓடினேன். வார்ட்டில் இரத்தம் எடுத்தவரிடம் "பெயரை ஒருக்கால் பாருங்கோ மிஸ்" என்று கேட்டேன். "ஹரி ஹரி, யன்ன", சரி சரி போங்கோ என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். போத்தலைச் சட்டைப் பையில் வைத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தால், இரத்த வங்கியில் எடுக்கவில்லை. மனைவியின் பெயரில் வரும் 'தி'க்குக் கோரிக்கைப் படிவத்தில் 'டி, எச், ஐ', போத்தலில் 'டி, ஐ'. போதாததற்கு நேரமும் கையெழுத்தும் போடவில்லை. இரத்த வங்கியில் கோபப்பட முடியாது, ஆள் மாறி இரத்தம் ஏறினால் உயிர் போகும். எழுதியவரில்தான் எனக்கு இன்னும் கோபம்.

திரும்ப ஓட்டோ, ஸ்கூல் விடுகிற நேரம், காலி வீதியில் (கோல் ரோட்) வாகனங்கள் அசையவேயில்லை. இரண்டரை மணித்தியாலம் வீண். அதற்குள் இரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா ஏற்றி, வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டிச் சமாளித்திருந்தார்கள். அந்த நர்ஸ்மாருக்குக் கோயில் கட்டலாம்.

தாயும் பிள்ளையும் வேறு வேறு ஆஸ்பத்திரியில் இருந்தால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போத்தலையும் படிவத்தையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள், முறைத்தாலும் பரவாயில்லை. தருகிற ஒவ்வொரு துண்டையும் ஃபோனில் படம் எடுங்கள். அப்புறம், குளிரவைக்கும் நாட்களில் பிள்ளையைத் தொட்டால் சில்லென்றிருக்கும், இதயத்துடிப்பும் நிமிடத்துக்கு 100 அளவுக்கு இறங்கும், அது குளிரால் வருவது. எதற்கும் நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு இரவு முழுக்க மொனிட்டரைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்தாம் நாள், சூடேற்றி முடித்த பிறகு, கையில் 96, காலில் 95. வெளியே ஓடிவந்து மனைவிக்கு ஃபோன் எடுத்து அந்த இரண்டு எண்களையும் கத்திச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளை அழுதானா?" என்று மட்டும் கேட்டாள். தொண்டையில் குழாய் இருக்கும்வரை சத்தம் வராது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு அழுவான் என்றேன். அழுவதற்கு இன்னும் மூன்று நாள் எடுத்தது.